கேக் மேல் தமிழ்ப் பெயர்: கத்தியா, கட்டரா, கட்டிங் மெஷினா?

‘ஸ்டெல்லா மேரி’ என்ற பெயரை, கேக் மேல் போர்த்தும் சர்க்கரை மாவான ஃபாண்டன்ட்டில் வெட்ட உட்கார்ந்தால்தான் தமிழ் எழுத்தின் கணக்கு தெரியும். எழுத்து ஆறு, துண்டு பதினொன்று. ‘ஸ்’ஸின் புள்ளி தனி, ‘டெ’யின் ஒற்றைக்கொம்பு தனி, ‘ல்’லின் புள்ளி தனி, ‘லா’வின் துணைக்கால் தனி, ‘மே’யின் இரட்டைக்கொம்பு தனி. அத்தனையையும் கத்தியால் வெட்டி, ஓரம் நசுங்காமல் எடுத்து, ஒரே வரிசையில் கேக் மேல் உட்கார வைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு புள்ளிகளில் ஒன்று எப்படியும் கீழே விழுந்து தொலைந்துபோகும்.

நான் தூத்துக்குடியில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவள். புதுநன்மை, திருமுழுக்கு, அறுபதாம் கல்யாணம் என்று வருகிற ஆர்டர்களில் பெயரைத் தமிழில் கேட்பவர்கள் அதிகம். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவை ஒட்டிய வாரங்களில் ஒரே நாளில் நாலைந்து பெயர்கள் வெட்ட வேண்டியிருக்கும். அந்த நெருக்கடியில்தான் போன வருடம், கொடுத்த வடிவத்தைச் சின்ன பிளேடால் தானாக வெட்டித்தரும் ஒரு எலக்ட்ரானிக் கட்டிங் மெஷின் வாங்கினேன். “அக்கா, நானும் வாங்கட்டுமா?” என்று கேட்கிற தங்கச்சிகளுக்கு போனில் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கத்தியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செலவு கிடையாது, கை பழக வேண்டும், நேரம் தின்னும். கட்டர்களும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பூ, இலை, நட்சத்திரம், ஆங்கில எழுத்து எல்லாவற்றுக்கும் செட் செட்டாகக் கிடைக்கின்றன. அவற்றை அழுத்தி எடுக்கும் வேகத்துக்கு எந்த மெஷினும் ஈடாகாது. ஐம்பது கப் கேக்குக்கு ஐம்பது சாமந்திப் பூ வேண்டுமென்றால் இன்றைக்கும் கட்டரைத்தான் எடுப்பேன். கடையில் தமிழ் எழுத்து கட்டர் கேட்டால்தான் கையை விரிக்கிறார்கள். பெயரை அனுப்பினால் த்ரீ-டி பிரிண்டரில் கட்டர் செய்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பெயரோ சின்னமோ திரும்பத் திரும்ப வருமென்றால் அது நல்ல வழி. எனக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒவ்வொரு பெயர். ஒரு தடவை வெட்டிவிட்டுப் பெட்டியில் போட்டுவைக்கக் கட்டர் வாங்க மனம் வரவில்லை.

மெஷின் என்று முடிவானதும், எந்த மெஷின் என்ற கேள்வி வந்தது.

முதலில் மனதில் ஓடியது ‘கிரிகட் கேக்’. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த புரோவோ கிராஃப்ட் நிறுவனம் 2010 வாக்கில் கேக்குக்கென்றே கொண்டுவந்த மெஷின் அது. இப்போது புதிதாகத் தயாரிப்பதில்லை, பழையதுதான் கைமாறிக்கொண்டிருக்கிறது. உணவுக்காகவே செய்தது என்பதால் அதன் மேல் எனக்கு ஆசை இருந்தது. ஆனால் அது கார்ட்ரிட்ஜில், அதாவது உருவங்களைப் பதிந்துவைத்த செருகு பெட்டியில், ஓடுவது. கார்ட்ரிட்ஜில் உள்ள உருவத்தை அது வெட்டும்; தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லை. அந்தத் தலைமுறை மெஷின்களைக் கணினியோடு இணைத்த ‘கிரிகட் கிராஃப்ட் ரூம்’ மென்பொருளையும் 2018இல் மூடிவிட்டார்கள். அத்தோடு அந்த ஆசையை விட்டேன்.

இன்றைய கிரிகட் மெஷின்கள் வேறு. நாமே வரைந்த படத்தை ஏற்றி வெட்டலாம். எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும். ஆனால் வேலையெல்லாம் அவர்களுடைய ஆப்பில், நம் கணக்கில் நுழைந்துதான் நடக்க வேண்டும். 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படங்கள்தான் ஏற்றலாம் என்று அறிவித்தார்கள். பயன்படுத்துகிறவர்கள் கொதித்தெழுந்ததும் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்லதுதான். ஆனாலும் என் தொழிலின் சாவி இன்னொருவர் இடுப்பில் தொங்குகிறது என்ற உறுத்தல் எனக்குப் போகவில்லை. பிரதர் கம்பெனியின் ஸ்கேன்என்கட்டில் ஸ்கேனர் உள்ளேயே இருக்கிறது. காகிதத்தில் கையால் எழுதிய தமிழ் எழுத்தை அப்படியே படித்து, கணினியே இல்லாமல் வெட்டும். கையெழுத்து அழகாக இருப்பவர்களுக்கு அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். தோழி வீட்டில் ஒரே ஒரு சாயங்காலம் ஓட்டிப் பார்த்த பழக்கம்தான் எனக்கு. என் பேச்சுக்கு அந்த அளவே எடை கொடுங்கள்.

நான் வாங்கியது சில்லுவெட் கேமியோ. ஜப்பானின் கிராஃப்டெக் குழுமத்தைச் சேர்ந்தது. மென்பொருள் கணினியிலேயே இருக்கிறது. நெட் இல்லாத நாளிலும் வெட்டலாம். இலவசப் பதிப்பில் எஸ்விஜி திறக்காது, டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு வகைக் கோப்பு திறக்கும். என் வேலைக்கு அது போதும். பிளேடின் அழுத்தம், கிலோ கணக்கு என்று விளம்பரங்களில் வருவதைக் கேக்குக்காகப் பார்க்கவே வேண்டாம். நாம் வெட்டப்போவது மரமோ தோலோ அல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கத்தி, கட்டர், மெஷின் என்ற மூன்று வழிகளில் எது என்பதைத் தீர்மானிப்பது வேகமோ விலையோ அல்ல, வேலை முடிந்தபின் சுத்தம் செய்வதுதான். கத்தியைக் கழுவ அரை நிமிடம். கட்டரை வெந்நீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. மெஷினைக் குழாயடியில் காட்ட முடியாது. உள்ளே மோட்டார் இருக்கிறது, சென்சார் இருக்கிறது, உருளைகள் இருக்கின்றன. இவை காகிதத்துக்கும் வினைல் ஸ்டிக்கருக்கும் செய்த மெஷின்கள். கேக்குக்கு இழுத்துவந்தவர்கள் நாம்தான். அதனால் எதை உள்ளே கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

முதல் வாரத்தில் நான் கொடுத்தது ஃபாண்டன்ட். வெட்டும் பொருளை ஒட்டி மெஷினுக்குள் விடுகிற பசை விரிப்புக்கு மேட் என்று பெயர். அந்த மேட்டில் வனஸ்பதி தடவி, விறைப்புக்காக டைலோஸ் பவுடர் போட்டுப் பிசைந்ததை ஒரு மில்லிமீட்டருக்குத் தேய்த்து, மேலே சோள மாவு தூவி உள்ளே விட்டேன். இந்த மெஷினில் பிளேடு இடவலமாக ஓடும், மேட் முன்னும் பின்னும் நகரும். பிளேடு தானாகச் சுழலும் சின்னக் கத்தி. எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும். காகிதம் விறைப்பாக இருப்பதால் அந்தத் திருப்பத்துக்கு அசைந்துகொடுக்காது. ஃபாண்டன்ட் கத்தியோடு சேர்ந்தே இழுபடும். ‘மே’யின் சுழி பிய்ந்தது, ‘ரி’யின் வளைவு மடிந்தது. அதையாவது பொறுத்திருப்பேன். பிளேடு கூட்டுக்குள் மாவு ஏறி அடைத்துக்கொண்டது. தூவிய சோள மாவு உருளைக்கு அடியில் சிந்தி, எங்கள் ஊர்க் கடல் ஈரத்தில் ராத்திரிக்குள் பசையாகிவிட்டது. காலையில் பார்த்தால் மேசைக்கால் வழியாக மெஷினுக்குள் எறும்புச் சாரை. மருந்தடிக்க முடியாது, தண்ணீர் விட முடியாது. இயர் பட்டும் டூத் பிக்குமாக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எடுத்தேன். மிச்சம் பிடித்த முக்கால் மணி நேரம் எந்த மூலைக்குப் போனதென்று தெரியவில்லை.

ஃபாண்டன்ட்டை விட விறைப்பாகக் காயும் சர்க்கரை மாவான கம் பேஸ்ட்டை நன்றாக உலரவிட்டோ ஃப்ரீஸரில் வைத்தோ வெட்டினால் வரும் என்று செய்து காட்டுகிறவர்கள் உண்டு. குளிர்ந்த, உலர்ந்த ஊரில் வரலாம். எங்கள் ஊரில் ஃப்ரீஸரிலிருந்து எடுத்து மேட்டில் ஒட்டுவதற்குள் வியர்த்துவிடுகிறது. இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மெஷினை எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தது ஐசிங் ஷீட். சர்க்கரையும் ஸ்டார்ச்சும் சேர்ந்த மெல்லிய தாள், பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளோடு ஒட்டி வரும். ஸ்டிக்கர் வெட்டுவது போலவே இதையும் வெட்டலாம்: பிளேடு ஐசிங்கை மட்டும் வெட்ட வேண்டும், அடியில் உள்ள பிளாஸ்டிக்கைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பிளேடின் ஆழத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் இது முடிகிறது. புது பாக்கெட் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் வெட்டிப் பார்த்து ஆழத்தை வைப்பேன்.

இதில் என்ன லாபம் என்று பாருங்கள். ஐசிங் மேட்டின் பசையைத் தொடுவதே இல்லை. அந்தப் பசை சாப்பாட்டுக்கு ஆனதல்ல. நடுவில் பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. மாவு தூவ வேண்டாம், வனஸ்பதி வேண்டாம். உருளைகளை மேட்டின் இரு ஓரங்களில் நிறுத்தி ஷீட்டை நடுவில் ஒட்டினால் உருளையும் ஐசிங்கைத் தொடாது. மிஞ்சுவது பிளேடு மட்டும். வேலை முடிந்ததும் பிளேடு மூடியைத் திருகிக் கழற்றி, வெந்நீரில் நனைத்த இயர் பட்டால் துடைத்து, உடனே ஹேர் டிரையரில் காய வைக்கிறேன். ஈரம் தங்கினால் துரு ஏறும். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். மேசைக்கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற பழைய வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எறும்பு வரவில்லை.

ஸ்டார்ச்சில் செய்த, சாப்பிடக்கூடிய தாளான வேஃபர் பேப்பர் இந்த அளவுக்கு வசதியில்லை. பின்னால் பிளாஸ்டிக் கிடையாது, நேராக மேட்டில்தான் உட்கார வேண்டும். பசை தேய்ந்துபோன மேட்டைக் கழுவி, வனஸ்பதியை மிக மெல்லிசாகத் தடவி ஒட்டுகிறேன். பூவிதழுக்கும் பட்டாம்பூச்சிக்கும் அருமை. எழுத்துக்கு நான் எடுப்பதில்லை. கொஞ்சம் ஈரம் பட்டாலே சுருளும்.

ஐசிங் ஷீட்டும் காற்றைப் பார்த்து நடக்கிற பொருள்தான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அப்பளமாக நொறுங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வெற்றிலை போல மடங்கி, பிளாஸ்டிக்கை விட்டு வராது. மக்ரூன் போடுகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த ஈரத்தின் குணம் நன்றாகத் தெரியும். ஆறின கையோடு காற்றுப் புகாமல் பொதிந்துவிடுவார்கள். நானும் ஜிப் கவரை வெட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் திறக்கிறேன். உரிக்க வராத ஷீட்டை இரண்டு நிமிடம் ஹேர் டிரையரில் காட்டினால் வழிக்கு வரும். கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, வியர்வை அடங்கியபின் எழுத்தை ஒட்டுங்கள். ஃபாண்டன்ட் மேல் என்றால் பிரஷில் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பட்டர்கிரீமில் அதன் ஈரமே பிடித்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு முன்வேலை உண்டு. டிசைன் மென்பொருள்கள் பலவற்றில் நேராகத் தமிழில் தட்டினால் கொம்பு இடம் மாறும், புள்ளி ஒரு பக்கம் ஓடும். அதனால் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் பெயரைத் தட்டி, எழுத்தைப் பாத்தாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய கோடுகளை யூனியன் கொடுத்து இணைத்து, டிஎக்ஸ்எஃப்பாகச் சேமிக்கிறேன். யூனியன் கொடுக்க மறந்தால் எழுத்துக்குள்ளேயே குறுக்கே வெட்டு விழும். ஃபான்ட் தடிமனாக இருக்கட்டும். ‘பாலூ தம்பி’ என்று இலவசமாகக் கிடைக்கிற ஃபான்ட் உருண்டு திரண்டு இருக்கும், உரிக்கும்போது கிழியாது. மெல்லிய கோடுள்ள ஃபான்ட்கள் திரையில் அழகு, கையில் நூல். புள்ளியை எழுத்தின் தலையோடு ஒரு சின்னக் கழுத்தால் இணைத்துவிடுவேன். ‘ஸ்டெல்லா மேரி’க்கு இரண்டு துண்டு குறைகிறது, எந்தப் புள்ளியும் தொலைவதில்லை. பெயருக்குப் பின்னால் மேகம் போல ஒரு பட்டை வரைந்து வேறு நிறத்தில் வெட்டினால், துண்டுகளை முதலில் அதில் ஒட்டி, கேக்கில் ஒரே தூக்காகத் தூக்கி வைக்கலாம். வரைவது முதல் ஒட்டுவது வரை இப்போது கால் மணி நேரம்.

இதில் இழப்பும் உண்டு. ஐசிங் ஷீட் எழுத்து தட்டையாகப் படுத்திருக்கும். ஃபாண்டன்ட் எழுத்தின் புடைப்பு அதில் வராது. புடைப்பு வேண்டும் என்கிற கஸ்டமருக்கு, மெஷினில் காகிதத்தில் எழுத்தை வெட்டி, அதை ஃபாண்டன்ட் மேல் வைத்து ஓரமாகக் கத்தி ஓட்டுகிறேன். கத்தியிடம் இன்னும் வேலை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாப்பிடக்கூடிய மையில் அச்சிடும் எடிபிள் பிரிண்டரில் படம் அச்சடித்து அதன் ஓரத்தைச் சுற்றி வெட்டுவதும் இந்த மெஷினில் ஆகும். மூலைகளில் அச்சிட்ட கறுப்புக் குறிகளை சென்சார் படித்து வெட்டும். என்னிடம் அந்த பிரிண்டர் இல்லை, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

வாங்குகிறவர்கள் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கேக்குக்கு வைத்த மெஷினில் மினுமினுப்பு அட்டை வெட்டாதீர்கள். கேக் மேல் குத்தி வைக்கும் அட்டை அலங்காரமான டாப்பர் செய்து விற்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. பிளேடையும் மேட்டையும் தனியாக வைக்கலாம். ஆனால் அந்த அட்டையின் துகள் மெஷின் முழுக்க ஒட்டிக்கொள்ளும். அது அடுத்த ஆர்டரில் ஒரு குழந்தையின் தட்டுக்குப் போகும். டாப்பர் கேட்பவர்களை அது மட்டுமே செய்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பிவிடுகிறேன். தமிழ்ப் பெயர் வெட்ட வேண்டிய கேக் வந்தால் அவளும் என்னிடம் அனுப்புகிறாள்.