பூட்டிய அறையா, பூட்டிய பெட்டியா, பழைய தாளா?

போன விடுமுறைக்கு உவர்மலையில் மாமி வீட்டு விறாந்தையில் எட்டுப் பேர் வந்து கூடினார்கள். எல்லாரும் திருகோணமலைப் பிள்ளைகள், மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மருத்துவம் படிக்கிறவர்கள். “இறுதிச் சோதனை வருது, ஏதாவது சொல்லித் தாங்கோ அக்கா” என்று கேட்டார்கள். நானும் வழக்கம்போல ஒரு நோயாளியின் கதையைத் தாளில் எழுதிக் கொடுத்து அலசத் தொடங்கினேன். மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டு பேர்தான் கதைக்கிறார்கள், மற்ற ஆறு பேரும் மின்விசிறியைப் பார்க்கிறார்கள்.

சரி, எஸ்கேப் ரூம் விளையாடிப் பார்ப்போம் என்று இறங்கியது அப்போதுதான். 2007-இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கிய விளையாட்டு இது. ஒரு குழுவை அறைக்குள் விட்டுப் புதிர்களை அவிழ்க்கச் சொல்வார்கள், நேரம் முடியுமுன் வெளியே வர வேண்டும். மருத்துவம், தாதியியல், மருந்தியல் படிப்பிக்கிறவர்கள் பல நாடுகளில் இதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நான் அதை மூன்று வடிவத்தில் செய்து பார்த்தேன்.

முதலில் முழு அறை. மாமியின் பின்னறைக் கட்டிலில் தலையணையை நோயாளியாகப் படுக்க வைத்தோம். நோய் செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உடல் உறுப்புகளையே பாதிக்கும் நிலை. நேரம் ஒரு மணித்தியாலம், அந்தக் கணக்கை நான் தேடிப் போகவே தேவையில்லை. செப்சிஸுக்கு முதல் மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டியவை என்று 2018-இல் வந்த பட்டியலே விளையாட்டு மணிக்கூடு மாதிரித்தான் இருக்கிறது. அன்டிபயோட்டிக் இருக்கும் லாச்சியின் திறப்பை ப்ளட் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) போத்தல்களுக்குக் கீழே ஒட்டி வைத்தேன். கல்ச்சர் எடுக்காமல் மருந்துக்குப் பாய்கிறவர்களுக்கு லாச்சி திறக்காது.

யோசனை நல்லதுதான். ஆனால் எட்டுப் பேரில் மூன்று பேர் நோயாளியைப் பார்த்தார்கள், ஐந்து பேர் மெத்தையைத் தூக்கித் திறப்புத் தேடினார்கள். மெத்தையைத் தூக்குவது மருத்துவம் இல்லை! அடுத்த சுற்றுக்கு எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவைக்க முக்கால் மணித்தியாலம் போனது. நடுவில் கரண்டும் போய்விட, அதுவும் புதிரில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு ஒருத்தன் சுவிட்சுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது பெட்டி. பழைய சூட்கேஸ் ஒன்றும் மூன்று இலக்கப் பூட்டும் போதும். நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்தால் ஒருவரும் ஒளிய முடியாது. இதற்குப் பாம்புக்கடியை எடுத்தேன். வயலில் கடிபட்டு வந்த ஆள், கடித்தது கண்ணாடி விரியனா என்று தெரியாது. அதன் விஷம் ஏறினால் இரத்தம் உறையாமல் போகும், அதைத்தான் குழாயில் விட்டுப் பார்ப்பார்கள். மேசையில் ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு பிளாஸ்டிக் குழாய், இரத்தத்துக்குப் பதிலாகச் சாயத் தண்ணீர். பிளாஸ்டிக்கில் ஊற்றினால் முடிவுச் சீட்டுக் கிடையாது, ஏனென்றால் இரத்தம் உறைவதைத் தூண்டுவது கண்ணாடிதான். சரியான குழாயை எடுத்தவர்களுக்கு அடுத்த சோதனை பொறுமை. அதை 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து அதற்குப் பிறகுதான் சரித்துப் பார்க்க வேண்டும். ஏழாவது நிமிடம் ஒரு தம்பி தூக்கி ஆட்டினான். நான் மணிக்கூட்டைத் திரும்பப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனேன். “அக்கா, இது அநியாயம்” என்றான். வாட்டிலும் அப்படித்தான் என்றேன்.

இரத்தம் உறையவில்லை என்று சீட்டு வந்ததும் விஷமுறிவு மருந்து கொடுக்க வேண்டும். ஆனால் அந்த மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும், அதைத் தடுக்க முன்கூட்டியே என்ன கொடுப்பது? அட்ரினலின், புரோமெதசின், ஹைட்ரோகோட்டிசோன் என்று மூன்று மருந்துச் சீட்டுகள் வைத்திருந்தேன். 2011-இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கடும் ஒவ்வாமையைக் குறைத்தது தோலுக்குக் கீழே போட்ட சிறிய அளவு அட்ரினலின் மட்டும்தான், அளவு 0.25 மில்லிகிராம். பூட்டின் எண்ணும் 025. முதல் குழு பழக்கதோஷத்தில் ஹைட்ரோகோட்டிசோன் அளவைப் போட்டுப் பூட்டோடு மல்லுக்கட்டியது. அந்தப் பிழையை இனி அவர்கள் மறப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாவது கூகுள் ஃபோம். டெங்கு நோயாளி, எடை 50 கிலோ, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் கட்டத்தின் 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து எவ்வளவு திரவம்? 4600 மில்லிலீற்றர் என்று தட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பத்து நிமிடத்தில் விடை வட்ஸ்அப்பில் சுற்றியது. வீட்டில் இருந்து தயார்படுத்த நல்லது, அவ்வளவுதான்.

அப்போ பழைய தாளைத் தூக்கி எறிவதா? இல்லை. தெரியாததைப் படிப்பிக்கத் தாளும் கதையும்தான் வேண்டும். விளையாட்டில் பிள்ளைகள் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் பதற்றத்தில் எடுத்துப் போடுகிறார்கள். இன்னொன்று, பெட்டி திறந்துவிட்டது என்றால் நாலு பேருக்கும் தெரியும் என்று அர்த்தமில்லை. ஆளாளாகப் பார்க்கத்தானே 1975-இல் ஸ்கொட்லாந்தின் டண்டியில் ஹார்டன் என்ற மருத்துவக் கல்வியாளர் ஒஸ்கி (OSCE) என்ற, ஒவ்வொருவராக மேசை மேசையாகப் போய்ச் செய்துகாட்டும் பரீட்சையைக் கொண்டுவந்தார். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி சரியான விடையை இரண்டு தரம் மெதுவாகச் சொன்னாள். குரல் பெரியவன் அதைக் கேட்கவேயில்லை. தாள் அலசலில் நான் அவளைக் கவனித்ததே இல்லை, பெட்டியைச் சுற்றி நடந்தபோதுதான் கண்ணில் பட்டது. விளையாட்டு முடிந்து அதைப் பற்றிக் கதைத்தது விளையாட்டை விட நீண்டது. பெட்டிக்கு நான் அதிக புள்ளி போடுவதும் அந்தக் கதைக்காகத்தான். பூட்டைத் திறந்ததும் கைதட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்புவதென்றால் இவ்வளவு மினக்கெட வேண்டாம், தாளே போதும்.

அறையை இனிச் செய்ய மாட்டேன், மாமியும் விடமாட்டா. பெட்டியை இப்போது கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிக்கும் ஒரு பிள்ளை இரவல் வாங்கிப் போயிருக்கிறாள். குழாய்களை எடுத்துவிட்டு நிலவேம்பும் கீழாநெல்லியும் வைக்கப் போகிறாளாம். பூட்டுக்கு என்ன எண் வைப்பது என்று நேற்றும் கேட்டு அனுப்பியிருந்தாள்.