வராத எல்.ஓ.ஆருக்குக் காத்திருப்பதா, ஆளை மாற்றுவதா?

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கும் ஜூனியர்களிடமிருந்து டிசம்பர் பிறந்தாலே எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். மூன்று எல்.ஓ.ஆரில், அதாவது ஆசிரியர்கள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பரிந்துரைக் கடிதங்களில், இரண்டு போய்விட்டன, மூன்றாவது போகவில்லை. கேட்டால் சார் "போட்டுடறேன்"கிறார். டெட்லைனுக்கு நாலு நாள்தான். காத்திருக்கலாமா, வேறு யாரையாவது பிடிக்கலாமா?

நான் இரண்டையும் செய்தவள். ஏழு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். மூன்றுக்குக் காத்திருந்தேன், நான்குக்கு ஆளை மாற்றினேன். இன்று கேட்டால் மாற்றுவதன் பக்கம்தான் பேசுவேன். அதற்கு என் காரணம் வழக்கமாகச் சொல்லப்படுவது இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் விண்ணப்பித்தது 2016 டிசம்பரில். அந்த மே மாதம்தான் பி.இ. முடித்து வேலையில் சேர்ந்திருந்தேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கைடிடம் செப்டம்பரிலேயே கேட்டு, அவரும் சரி என்றிருந்தார். நவம்பர் 8 அன்று பண மதிப்பு நீக்கம் வந்தது, ஏடிஎம் வரிசைகளில் அந்த மாதம் கரைந்தது. டிசம்பர் 5 இரவு முதல்வர் ஜெயலலிதா காலமானார், கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் கல்லூரி நடந்தது. அடுத்த திங்கள், 12ஆம் தேதி, வர்தா புயல். மரங்கள் விழுந்து, கம்பங்கள் சாய்ந்து, எங்கள் பக்கம் கரண்டும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. என்னுடைய முதல் மூன்று டெட்லைன்களும் 15ஆம் தேதி. 14ஆம் தேதி பஸ் ஏறித் திருச்சியில் மாமா வீட்டுக்குப் போய், அங்கிருந்துதான் விண்ணப்பங்களைச் சமர்ப்பித்தேன். மூன்றிலும் கைடின் கடிதத்துக்கு நேராக "இன்னும் வரவில்லை" என்றே இருந்தது.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிதம் வராவிட்டால் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க முடியாது என்று நினைத்துக் கடைசி நிமிடம் வரை காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. உங்கள் பங்கை நீங்கள் நேரத்துக்கு முடித்துவிடலாம், கடிதம் பின்னால் வந்து சேரும். சில பல்கலைக்கழகங்களில் நீங்கள் சமர்ப்பித்த பிறகுதான் பேராசிரியருக்குக் கடிதத்தை ஏற்றும் லிங்க்கே போகும். அங்கே தாமதிப்பது உங்கள் தலையில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொள்வது. இன்னொன்று மணிக்கணக்கு. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி டிசம்பர் 15 இரவு 11.59 என்றால் நமக்கு 16ஆம் தேதி காலை 10.29. பசிபிக் நேரம் என்றால் மதியம் 1.29. காலையில் பேராசிரியருக்கு ஒரு போன் செய்ய நேரம் மிச்சமிருக்கிறது.

இனி காத்திருப்பதைப் பார்ப்போம். அதற்கு நியாயமான காரணம் உண்டு. உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கு உள்ள எடை, "என் வகுப்பில் படித்தார், நல்ல மதிப்பெண் வாங்கினார், ஒழுக்கமானவர்" என்கிற கடிதத்துக்கு இல்லை. என் கைடு எங்கள் ப்ராஜெக்டின் ஜீரோத் ரிவ்யூ என்கிற முதல் பரிசீலனையிலிருந்து கடைசி வாய்மொழித் தேர்வான வைவா வரை கூடவே இருந்தவர். இரண்டாவது ரிவ்யூவில் எங்கள் சர்க்யூட் வேலை செய்யாமல் போனதும், மூன்று வாரத்தில் அதைப் பிரித்துத் திரும்பக் கட்டியதும் அவருக்குத் தெரியும். அதை வேறு யாராலும் எழுத முடியாது.

டெட்லைன் தாண்டினால் எல்லாம் முடிந்தது என்பதும் உண்மையில்லை. டிசம்பர் நடுவில் டெட்லைன் வைக்கும் துறைகளில், மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி உட்கார்ந்து கோப்புகளைப் படிப்பது பெரும்பாலும் ஜனவரியில்தான். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அங்கே அலுவலகங்கள் மூடியிருக்கும். அதனால் பல துறைகள் கடிதங்களுக்கு மட்டும் ஒரு வாரம், இரண்டு வாரம் விட்டுக்கொடுக்கின்றன. இது எழுதப்பட்ட உரிமை இல்லை, துறைக்குத் துறை மாறும். அதனால் காத்திருப்பதாக முடிவெடுத்தால் சும்மா இருக்கக் கூடாது. துறையில் விண்ணப்பங்களைக் கவனிக்கும் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு டெட்லைனுக்கு முன்பே நாலு வரி எழுதுங்கள். பெயர், அப்ளிகேஷன் எண், யாருடைய கடிதம் வரவில்லை, எந்தத் தேதிக்குள் வரும். அவ்வளவு போதும். நான் புயலைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். பேராசிரியரைப் பற்றிக் குறை சொல்லி ஒரு சொல்கூட எழுதவில்லை. மூன்று பேரில் இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் ஜனவரி முதல் வாரம் வரை பரவாயில்லை என்றார், மற்றவர் லிங்க் திறந்தே இருக்கும் என்றார். மூன்றாமவரிடமிருந்து பதிலே இல்லை.

கைடின் கடிதம் ஒன்றுக்கு டிசம்பர் 23ஆம் தேதியும் இன்னொன்றுக்கு 28ஆம் தேதியும் போனது. மூன்றாவதுக்குக் கடைசி வரை போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதில்தான் என் முடிவு அடங்கியிருக்கிறது. கடிதத்தை அவர் அக்டோபரிலேயே எழுதிவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். நாம் "லெட்டர் லேட்" என்கிறோம். பல நேரங்களில் லெட்டர் தயாராகத்தான் இருக்கும், அதை ஏற்றுவதுதான் நடந்திருக்காது. ஏழு பல்கலைக்கழகம் என்றால் ஏழு மின்னஞ்சல், ஏழு லிங்க், சிலவற்றில் தனி பாஸ்வேர்ட். ஒவ்வொன்றிலும் பெயர், பதவி, முகவரி, தொலைபேசி எண், இந்த மாணவியை எத்தனை வருடமாகத் தெரியும் என்று மறுபடியும் நிரப்ப வேண்டும். பிறகு ஒரு அட்டவணை வரும். அறிவுத்திறன், எழுத்துத்திறன், விடாமுயற்சி, குழுவாக வேலை செய்தல் என்று வரிசை வரிசையாக, இவர் முதல் 5 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா, 25 சதவீதத்திலா என்று ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டும். அதெல்லாம் முடிந்தால்தான் கடிதத்தை ஏற்றும் இடம் வரும். ஒரு மாணவிக்கு இது ஒரு முழு மாலை வேலை. அதே சீசனில் அவரிடம் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு, ஹால் ட்யூட்டி, பேப்பர் வேல்யுவேஷன். இதற்கு நடுவில் அவர் எப்போது உட்காருவார்?

அதோடு லிங்க் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதும் இருக்கிறது. அந்த மூன்றாவது பல்கலைக்கழகம் ஜிமெயிலை ஏற்காது, கல்லூரி முகவரிதான் வேண்டும் என்றது. நானும் கொடுத்தேன். சார் அந்தப் பெட்டியைத் திறப்பதே அரிது, அது நிரம்பியும் கிடந்தது. நான் அனுப்பிய ரிமைண்டர் எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

அதனால்தான், யாருடைய கடிதம் கனமானது என்பதோடு இந்த ஏழு படிவங்களையும் உட்கார்ந்து நிரப்பப் போவது யார் என்பதையும் பார்க்கச் சொல்கிறேன். என் அனுபவத்தில் இரண்டாவது கேள்விதான் தீர்மானித்தது. மீதி நான்கு டெட்லைன்கள் ஜனவரி 1க்கும் 15க்கும் இடையில் இருந்தன. டிசம்பர் 19ஆம் தேதி கல்லூரிக்குப் போய், ஐந்தாவது செமஸ்டரில் எங்களுக்கு லேப் எடுத்த அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் மேடத்திடம் கேட்டேன். மாலை ஆறு மணி வரை லேபைத் திறந்து வைத்துக்கொண்டு என்னோடு சர்க்யூட் போர்டில் பிழை தேடிச் சரிசெய்தவர். ஒரு தாளில் பல்கலைக்கழகத்தின் பெயர், டெட்லைன், லிங்க் எந்த முகவரிக்கு வரும் என்று நான்கு வரியும், அவரிடம் நான் செய்த வேலைகளைப் பற்றி அரைப் பக்கமும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். "சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடறேன்மா" என்றார். 24ஆம் தேதி சனிக்கிழமை நான்கும் போயிருந்தன.

பதவி சின்னதாயிற்றே என்று எனக்கும் தயக்கம் இருந்தது. நம் ஊரில் எச்.ஓ.டி., பிரின்சிபல் பெயர் இருந்தால் கடிதத்துக்குக் கனம் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. அங்கே படிக்கிறவருக்கு நம் கல்லூரியின் பதவி அடுக்கு எதுவும் தெரியாது. கடிதத்தில் ஒரு உருப்படியான சம்பவம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். லேபில் உங்களைப் பார்த்த இளம் ஆசிரியரிடம் அந்தச் சம்பவம் இருக்கும். அவர் மின்னஞ்சலைத் தினமும் போனில் பார்ப்பவர். அவரே சமீபத்தில் எங்காவது விண்ணப்பித்திருந்தால் இந்தப் படிவங்களின் தொல்லையும் அவருக்குத் தெரியும். வேலையில் இருப்பவர்கள் டீம் லீடைக் கேட்கலாம், மூன்றில் ஒன்று அப்படி இருப்பதில் தவறில்லை. கம்பெனி லெட்டர்ஹெட் கிடைக்குமா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாற்றுவதில் உள்ள சிக்கலையும் சொல்ல வேண்டும். சமர்ப்பித்த பிறகு ஆளை மாற்ற சில தளங்களே வழி தரும், சிலவற்றில் துறைக்கு எழுதித்தான் மாற்ற முடியும். நான்காவது கடிதத்துக்கு இடம் இருந்தால் யாரையும் நீக்க வேண்டாம், கூடுதலாக ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். மாற்றாக வருபவருக்குக் குறைந்தது பத்து நாளாவது வேண்டும். எனக்கு ஐந்தே நாளில் முடிந்தது மேடத்தின் நல்ல மனசு, அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடாதீர்கள். ஆகவே டெட்லைனுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கு எத்தனை லிங்க்கில் கடிதம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஏழில் ஒன்றாவது ஏறியிருந்தால் கடிதம் தயார், ஆள் உட்கார்ந்தால் போதும், காத்திருக்கலாம். ஒன்றுகூட இல்லையென்றால் அன்றே அடுத்தவரிடம் போங்கள்.

ஒரே தடவை ஏற்றிவிட்டுப் பல இடங்களுக்கு அனுப்பும் இன்டர்ஃபோலியோ போன்ற சேவைகளும் இருக்கின்றன. நான் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்திய தோழிக்கு ஐந்தில் மூன்று இடங்களில் வேலை செய்தது, மற்ற இரண்டும் சொந்தப் படிவத்தை நிரப்பினால்தான் ஆயிற்று என்றன.

காத்திருப்பதும் வேண்டாம், மாற்றுவதும் வேண்டாம் என்று மூன்றாவதாக ஒரு வழியை நம் கல்லூரிகளில் காட்டுவார்கள். "நீயே எழுதி நீயே ஏத்திடும்மா, பாஸ்வேர்ட் தரேன்." தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று நீங்கள் கையெழுத்து போடுகிறீர்கள். பொய் என்று பின்னால் தெரிந்தால் கிடைத்த அட்மிட்டை, அதாவது சேர்க்கை அனுமதியை, திரும்பப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. மாணவர் ஆவணங்கள் பற்றிய 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமான ஃபெர்பாவின்படி, சேர்ந்த மாணவருக்குத் தன் கோப்பிலுள்ள கடிதத்தைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று படிவம் கேட்கும்போது நம்மில் பெரும்பாலோர் ஆம் என்று குறிக்கிறோம். குறித்துவிட்டுக் கடிதத்தை நாமே எழுதுவது எப்படிச் சரியாகும்? என் கைடு அந்த இரண்டு கடிதங்களில் ஒன்றைக் கல்லூரியில் வைத்துத்தான் ஏற்றினார். லிங்க் இருக்கும் மெயிலைத் தேடிக் காட்டிவிட்டு, நான் ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே வராந்தாவில் நின்றேன். அவ்வளவுதான் நாம் செய்யக்கூடிய உதவி.

இதெல்லாம் எம்.எஸ். கணக்கு. பி.எச்டி. என்றால் என் கட்சி இவ்வளவு உறுதியாக இருக்காது. அங்கே ஆராய்ச்சியில் உங்களோடு இருந்தவரின் கடிதம்தான் பிரதானம், அதற்கு மாற்று கிடைப்பது கடினம். நான் பி.எச்டி.க்கு விண்ணப்பித்ததில்லை. விண்ணப்பித்த நண்பர்கள் இருவர் காத்திருந்தார்கள், நான்காவதாக ஒருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். என் முடிவுகளை வைத்தும் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. இரண்டு இடத்தில் அட்மிட் கிடைத்தது. ஒன்று காத்திருந்த இடம், ஒன்று மாற்றிய இடம். கடிதமே போகாத இடத்திலிருந்து நிராகரிப்பு வந்தது. கடிதம் போயிருந்தால் கிடைத்திருக்குமா, யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த மூன்றுக்காக டிசம்பர் முழுதும் தூக்கமில்லாமல் இருந்தேன். மற்ற நான்குக்காக ஒரு ராத்திரிகூட விழித்திருக்கவில்லை.

மாற்றத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் சார் கோபித்துக்கொள்வார் என்றுதான் பயப்படுகிறார்கள். நானும் பயந்தேன். மேடம் ஒப்புக்கொண்ட அன்றே கைடைப் பார்த்து, "சார், உங்களுக்கு வேல்யுவேஷன் நேரம், ஜனவரி டெட்லைன் நாலுக்கும் லேப் மேடம்கிட்ட கேட்டுட்டேன், இந்த மூணுக்கு மட்டும் நீங்க போட்டா போதும் சார்" என்றேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நல்லதா போச்சும்மா, ஏழையும் எப்ப போடறதுன்னுதான் மலைச்சுப் போய் உட்கார்ந்திருந்தேன்" என்றார். நாலு நாள் கழித்துத்தான் முதல் கடிதம் போனது.