‘ஒரிஜினல்’ என்று தந்த சென்ஹைசர் போலி: விலைகூடிய இயர்போன் வாங்குபவர்கள் கவனம்

யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் சென்ஹைசர் ஐஈ 80 எஸ் என்று 42,000 ரூபாவுக்கு எனக்குத் தந்த இயர்போன் போலி. பெட்டி, உறை, வரிசை இலக்கம் எல்லாம் அச்சொட்டாக இருக்கின்றன. ஒலியில்தான் பிழை. இதே சாமான் பேஸ்புக்கிலும் விலைக்குப் போவதைக் கண்டதால் எழுதுகிறேன்.

2017இல் வந்தபோது இந்த மொடலின் விலை அமெரிக்காவில் 350 டொலர். டுபாயில் இருந்து வந்த ஓப்பன் பொக்ஸ், அதாவது ஏற்கெனவே பெட்டி திறந்த சாமான், அதுதான் இவ்வளவு மலிவு என்றார் கடைக்காரர். “தம்பி, போட்டுக் கேட்டுப் பாருங்கோ. பிடிக்காட்டி எடுக்க வேண்டாம்.” அதைவிட நியாயமாக யார் கதைப்பார்கள்? தன் போனில் ஒரு குத்துப்பாட்டை முழுச் சத்தத்தில் விட்டார். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, காதுக்குள் இடித்தது.

வித்தை முழுவதும் அந்த டெமோவில்தான். சத்தத்தைக் கூட்டினால் எந்த இயர்போனும் நல்லதாகத்தான் கேட்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த சுரங்கள் நம் காதுக்குச் சரியாகப் பிடிபடாது, கூட்டக் கூட்டத்தான் நிரம்பி வரும். பெல் ஆய்வுகூடத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். ஆகவே இரண்டு இயர்போன்களை ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் கூடியதே வெல்லும். அதோடு வெளியே ஓட்டோக்கள், உள்ளே டிவி. அந்த இடத்தில் பேஸைத் தவிர வேறு எதுவும் கேட்கவும் மாட்டாது.

வீட்டில் வந்து நல்லூர்த் திருவிழா மேளத்தின் பதிவு ஒன்றைப் போட்டேன். இயர்போனைச் சோதிக்கத் தவிலைவிட நல்ல வாத்தியம் இல்லை என்பது என் எண்ணம். தாழ்ந்த ஒலி தரும் தொப்பி என்ற பக்கத்தில் கழி விழும், வலந்தலை என்ற மறுபக்கத்தில் விரற்கூடுகள் விழும். வேகமாக வாசிக்கும்போதும் வலந்தலைச் சொற்கள் ஒவ்வொன்றும் நறுக்கு நறுக்கென்று தனியாகக் கேட்க வேண்டும். இதில் தொப்பி ஊதிப் பெருத்து வலந்தலையை மூடிவிட்டது. நாதஸ்வரம் மேலே ஏறினால் காதில் ஊசி குத்தியது. காதுக்குள் சரியாக அடைக்கவில்லையோ என்று மூன்று அளவு ரப்பரையும் மாற்றிப் பார்த்தேன். அடைப்புச் சரியில்லாவிட்டால் பேஸ் குறையும். இங்கே பேஸ் தாராளமாகவே இருந்தது.

பிடிபட்டது ரொறன்ரோவில் இருந்து திருவிழாவுக்கு வந்த சின்னம்மாவின் மகனால். அவனிடம் இதே மொடல், அங்கே கடையில் வாங்கியது. இந்த மொடலின் வெளிப்புறத்தில், இரண்டு காதிலும், பேஸைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருப்பப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கருவியும் வரும். போனில், வேண்டிய சுருதியில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, 60 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியை விட்டுக்கொண்டே அவனுடையதில் திருகினேன். ஒலி தெளிவாகக் கூடியது, குறைந்தது. என்னுடையதில் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் திருகியும் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே ஒன்றோடும் தொடர்பில்லாமல் சும்மா சுழல்கிறது.

அப்புறம் அதே ஆப்பில் 20இல் இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றினோம். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகும்போது அது தலைக்கு நடுவே நிற்க வேண்டும். அவனுடையதில் நின்றது. என்னுடையதில் இடையில் இடப்பக்கம் நடந்துபோய்த் திரும்பி வந்தது. இடமும் வலமும் பொருந்தாத ஸ்பீக்கர்கள் என்று அர்த்தம். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் மாதிரிப் பழைய மோனோ பதிவு (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போவது) கையில் இருந்தால் இதை ஆப் இல்லாமலே பார்க்கலாம். நடுவில் நிற்க வேண்டியது ஒரு பக்கம் சாய்ந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைக்குக் கொண்டுபோனேன். “நெற்றில பாத்திட்டு வந்து கதைக்கிறியள்” என்றார். ஒரு கிழமை செக்கிங் வொறண்டி முடிந்துவிட்டதாம். பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் எழுதியிருப்பது ‘ஹெட்செட் - 1’, விலை, அவ்வளவுதான். பிராண்டும் இல்லை, மொடலும் இல்லை. சென்ஹைசர் என்று விற்றதற்கு என் கையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அவர் அதைத் தெரிந்தேதான் அப்படி எழுதியிருக்கிறார் என்பேன். காசு கொடுக்க முன்னர் பிராண்ட், மொடல், வரிசை இலக்கம் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் சாமானை வைத்துவிட்டு வாருங்கள்.

விலை கூடினால் ஒலியும் கூடும் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. 2017இல் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து விலையோடு ஒப்பிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எப்படித் தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை. எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. 20 டொலர் அளவில் விற்கும் மூன்ட்ரொப் சூ என்ற இயர்போன் ஒன்று நண்பரிடம் இருக்கிறது. அதில் வலந்தலை தனியாகக் கேட்கிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. கடையின் பெயரைக் கேட்டு இன்பொக்ஸில் வர வேண்டாம், முறைப்பாடு முடியும்வரை சொல்ல மாட்டேன். இதே மொடலை இங்கே வாங்கியவர்கள் அந்தத் திருகைத் திருப்பிப் பார்த்து, என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள்.