சொரோயா ஓவியங்கள்: காஸ்டீல் ரொட்டித் திருவிழாவா, வலென்சியா குதிரை ஊர்வலமா?

ஸ்பெயின் ஓவியர் சொரோயா அந்த நாட்டு கிராமத்து உடைகளை வரைஞ்சதுல, காஸ்டீல், வலென்சியான்னு ரெண்டு பகுதிகளைப் பத்தின ஓவியங்கள்ல எதை முதல்ல பாக்கலாம்னு கேட்டா நான் வலென்சியா பக்கம்தான். ரெண்டுமே நியூயார்க் ஹிஸ்பானிக் சொசைட்டி மியூசியத்துல ஒரே ஹால்லதான் இருக்கு. 1913ல வரைஞ்ச காஸ்டீல் கிட்டத்தட்ட 14 மீட்டர் நீளம், ஊர் ஊருக்கு உடையும் நகையும் எப்படி மாறுதுன்னு படிக்கணும்னா இதான் சரி, ஆனா அவ்ளோ கூட்டத்துல கண்ணு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. 1916ல வரைஞ்ச வலென்சியா அப்படி இல்லங்க, குதிரை மேல ஆணுக்குப் பின்னாடி பட்டுப் பாவாடையோட உக்காந்திருக்குற பொண்ணு, கொத்துக் கொத்தா ஆரஞ்சு, அந்தப் பட்டுல விழுற வெயிலை மட்டும் பாருங்க, கிட்டப் போனா வெறும் தூரிகைத் தீற்றல், தள்ளி நின்னா பளபளன்னு துணி. வலென்சியாதான் சொரோயா பொறந்த ஊரும்கூட, அந்தப் பாசம் பெயிண்ட்லயே தெரியுது.