தொராஜாவில் இழவு வீட்டுக்கு டிக்கெட் விற்கிறார்கள், வாங்காதீர்கள்

இந்தோனேசியாவின் தெற்குச் சுலாவேசியில் உள்ள தானா தொராஜாவுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மக்கஸாரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து ரந்தேபாவோ நகரில் இறங்கியதுமே வழிகாட்டி ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் ஓர் அட்டை, வாயில் சரளமான ஆங்கிலம். தலைக்கு 10 லட்சம் ரூபியா என்றார். கார், பழைய ஊரான கெதே கெசு, கல்லறைத் தலங்களான லோண்டா, லெமோ மூன்றுக்கும் நுழைவுச்சீட்டு, அத்துடன் ஒரு ரம்பு சோலோவில், அதாவது இறுதிச் சடங்கில், கலந்துகொள்ள ‘அனுமதிக் கட்டணம்’ எல்லாம் அதில் அடக்கமாம். அந்தக் கட்டணத்திலிருந்து உங்கள் பெயரில் ஒரு பன்றி கொடுக்கப்படும் என்றும் சொன்னார். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

கெதே கெசுவின் சீட்டுக் கவுண்டரிலேயே ஆள் கைப்பேசியுடன் ஒதுங்கிவிட்டார். சீட்டை நாங்களே எடுத்தோம். வடக்குப் பார்த்து வரிசையாக நிற்கும் தொங்கோனான் என்னும் மரபு வீடுகள், எதிரே நெற்களஞ்சியங்கள், முகப்புக் கம்பத்தில் அடுக்கடுக்காக எருமைக் கொம்புகள். ஊருக்குப் பின்னால் பாறை முகத்தில் எரோங் என்னும் பழைய மரச் சவப்பெட்டிகள் இற்றுப்போய், எலும்பு வெளியே தெரியக் கிடக்கின்றன. இவற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நினைவுப் பொருள் கடைகளின் வாசலில் மட்டும் உற்சாகம் வந்தது.

லோண்டா குகைக்குள் விளக்கில்லாமல் போக முடியாது. விளக்கு பிடிக்கும் உள்ளூர்க்காரருக்குக் கூலி தனி, அது நியாயமானதுதான். அதையும் நாங்களே கொடுத்தோம். உள்ளே எங்கள் வழிகாட்டி செய்த காரியம்தான் இன்னும் மனதை அறுக்கிறது. புகைப்படம் நன்றாக வரும் என்று ஒரு மண்டை ஓட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். விளக்குக்காரர் எதுவும் பேசாமல் அதை மறுபடி பழைய இடத்தில் வைத்துவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

சடங்கு வீட்டில்தான் முழுக் குட்டும் உடைந்தது. விருந்தினருக்காகப் போட்ட மூங்கில் கொட்டகையில் எங்களை உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அந்த வீட்டுப் பெண்கள் காபியும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார்கள். அருகில் இருந்த வெளிநாட்டுத் தம்பதி சர்க்கரையும் ஒரு பெட்டி சிகரெட்டும் கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் வெறுங்கையோடு இருந்தோம். இறந்தவரின் உறவினரான இளைஞர் ஒருவர் வந்து, “உங்களை அழைத்து வந்தது யார்?” என்று கேட்டார். கட்டண விவரத்தைச் சொன்னோம். “இறந்தவரைப் பார்க்க வருகிறவர்களிடம் நாங்கள் பணம் வாங்குவதில்லை” என்றார். உறவினர் கொண்டுவரும் எருமையும் பன்றியும் நம் ஊர் மொய் போல எழுதி வைக்கப்பட்டு, பின்னால் திருப்பிச் செய்யப்படுகின்றன. அந்தக் கணக்கில் எங்கள் பெயரில் பன்றி எதுவும் இல்லை. பணம் போனதைவிட, துக்க வீட்டில் ஓசிச் சோற்றுக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்ததுதான் சுட்டது.

திரும்பும் வழியில் வழிகாட்டி ஒரு கடையில் காரை நிறுத்தி, ‘200 வருடப் பழைய’ தவ் தவ் பொம்மை என்று ஒன்றைக் காட்டினார். இறந்தவரின் உருவமாகக் கல்லறையில் நிற்கவேண்டிய மரச்சிலை அது. 1980களில் இப்படிப்பட்ட சிலைகள் ஏராளமாகத் திருடப்பட்டு வெளிநாட்டுச் சந்தைக்குப் போயின. பழையது என்றால் திருட்டுப் பொருளாக இருக்கலாம். புதியது என்றால் பொய். இரண்டையும் வாங்க வேண்டாம். அடுத்த வாரம் மானேனே காட்டுகிறேன் என்றும் ஆசை காட்டினார். முன்னோர் உடலை வெளியே எடுத்து உடை மாற்றும் அந்தச் சடங்கு பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில், வடக்கே சில ஊர்களில், குடும்பங்கள் கூடி நடத்துவது. நாங்கள் போனது ஜூன் மாதம்.

போகிறவர்கள் காருக்கும் வழிகாட்டிக்கும் தனித்தனியாகக் கூலி பேசுங்கள். நுழைவுச்சீட்டைக் கவுண்டரில் நீங்களே எடுங்கள். உரிம அட்டையில் உள்ள பெயரையும் படத்தையும் நின்று பாருங்கள், அல்லது விடுதிக்காரரிடம் விசாரியுங்கள். சடங்குக்கு அடர்நிற உடை போதும். சர்க்கரை, காபி, சிகரெட் எதையாவது ரந்தேபாவோ கடைத்தெருவிலேயே வாங்கிக்கொண்டு, அந்த வீட்டாரின் கையில் நேரே கொடுங்கள்.

எங்கள் விடுதிக்காரர் தொலைபேசியில் சத்தம் போட்ட பிறகு நுழைவுச்சீட்டுப் பணம் மட்டும் திரும்பி வந்தது. பன்றிப் பணத்தைக் கேட்டதற்கு, அது வண்டி நிறுத்தக் கட்டணம் என்று பதில் வந்தது.