நீச்சல் தடாகத்துத் தண்ணீர்: நாடாவா, மீற்றரா?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீட்டோடு தடாகம் கட்டியவர்கள் குளோரின் வாங்கும்போதுதான் தடுமாறுகிறார்கள்: உள்ளே எத்தனை லீற்றர்? அளவு நாடாவால் அளந்து பெருக்கலாம், அல்லது நிரப்பும்போது வீட்டுத் தண்ணீர் மீற்றரைப் பார்க்கலாம்.

செலவு: நாடாவுக்கு ஒன்றுமில்லை. மீற்றருக்குத் தடாகத்தை வெறுமையாக்கி நிரப்பவேண்டும். அந்தத் தண்ணீர் பில்லில் ஏறும்; ஒரு அலகு 1,000 லீற்றர்.

துல்லியம்: செவ்வகமென்றால் நாடாவே போதும். நீளம் 8 மீற்றர், அகலம் 4, ஆழம் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 1.8 என்று வையுங்கள். தரை சீராகச் சரிந்தால் சராசரி 1.4; பெருக்கினால் 44.8 கன மீற்றர், அதாவது 44,800 லீற்றர். ஆழத்தை விளிம்பிலிருந்து அளக்காதீர்கள், தண்ணீர் நிற்கும் கோட்டிலிருந்து அளவுங்கள். நான் விளிம்பிலிருந்து அளந்து, 15 சென்ரிமீற்றரில் 4,800 லீற்றர் கூட்டிக் கணக்குப் போட்டவன். முந்திரிக்கொட்டை வடிவத்துக்கு நாடா சரிவராது, மீற்றர்தான்.

சுலபம்: மீற்றருக்கு வீட்டின் மற்றக் குழாய்களை மூடி, முன்னும் பின்னும் இலக்கத்தைக் குறித்தால் சரி. கிணற்று மோட்டருக்கு மீற்றர் ஏது? ஒரு வாளி நிறையும் நேரத்தை வைத்து, தடாகம் நிறைய எடுத்த நேரத்தில் எவ்வளவு வந்ததென்று கணக்கிடலாம். ஆனால் கிணறு இறங்க இறங்க மோட்டர் இழுப்பதும் குறையும்.

நிரம்பிய செவ்வகத் தடாகத்துக்கு நாடா. வளைந்ததென்றால், அடுத்தமுறை கழுவி நிரப்பும்வரை பொறுத்து மீற்றரைப் பாருங்கள்.