தப்பு விலை, ரத்தான ஆர்டர்: விட்டுவிடலாமா, விரட்டலாமா?

2014 டிசம்பரில் ஒடிசாவைச் சேர்ந்த ஒரு சட்ட மாணவர் அமேசானில் 190 ரூபாய்க்கு லேப்டாப் ஒன்றை ஆர்டர் செய்தார். அதன் வழக்கமான விலை 23,499 ரூபாய். ஆர்டர் உறுதியானது என்று தகவலும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, விலையில் ஏதோ கோளாறு என்று சொல்லி ரத்து செய்துவிட்டார்கள். மாணவர் விடவில்லை. முதலில் மாவட்ட நுகர்வோர் மன்றம், அது கொடுத்த தொகை போதாது என்று அப்புறம் மாநில நுகர்வோர் ஆணையம். 2021 ஜனவரியில் 30,000 ரூபாய் இழப்பீடு, 10,000 ரூபாய் தண்டத் தொகை, 5,000 ரூபாய் வழக்குச் செலவு என்று உத்தரவு வந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு கிடைத்தது காசுக்கான உத்தரவுதான், லேப்டாப் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை சிங்கப்பூரில் நடந்தது. 2003 ஜனவரியில் டிஜிலேண்ட்மால் என்ற இணையக் கடையில், பயிற்சிக்காக ஓர் ஊழியர் போட்டுப் பார்த்த எண் அப்படியே தளத்தில் ஏறிவிட்டது. 3,854 சிங்கப்பூர் டாலர் விலையுள்ள எச்பி லேசர் பிரிண்டர் 66 டாலர் என்று காட்டியது. நள்ளிரவு தாண்டி விஷயம் நண்பர்கள் வட்டத்தில் பரவியது. ஆறு பேர் மட்டும் சேர்ந்து 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் உறுதி மின்னஞ்சல் தானாகவே போனது. கடை பொருளைத் தர மறுத்ததும் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். விலை தப்பு என்று தெரிந்தே வாங்கியவர்களுக்கு ஒப்பந்தம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2004-ல் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அடுத்த வருஷம் அதையே உறுதி செய்தது. வழக்குப் போட்டவர்களில் சிலர் வழக்கறிஞர்கள் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

இரண்டுமே கண்ணைப் பறிக்கும் தப்பு விலைதான். ஒரு பக்கம் சொந்த உபயோகத்துக்கு ஒன்றே ஒன்று வாங்கிய மாணவர், மறுபக்கம் நள்ளிரவில் நூற்றுக்கணக்கில் அள்ளப் பார்த்தவர்கள். நாடும் வேறு, சட்டமும் வேறு. ஆனாலும் ஆர்டர் ரத்தானதும் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இரண்டு கேள்விகள் இங்கேயே கிடைத்துவிடுகின்றன: அந்த விலையை நம்ப நமக்கு நியாயம் இருந்ததா? எத்தனை ஆர்டர் செய்தோம்?

இந்தியச் சட்டம் இதில் வாங்குபவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி, ஒரு தரப்பு மட்டும் தப்பாகப் புரிந்துகொண்டது என்பதற்காகவே ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட முடியாது. கடைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பதில் வேறு மாதிரி. ‘ஒப்பந்தமே இன்னும் உருவாகவில்லை’ என்பார்கள். பெரிய தளங்களின் விதிமுறைகளைப் பொறுமையாகப் படித்தால், ஆர்டர் உறுதி மின்னஞ்சல் வெறும் ஒப்புகைதான், பொருளை அனுப்பும்போதுதான் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்பது போன்ற ஒரு வரி எங்காவது இருக்கும். தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்கிற நிபந்தனையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்த வகையில் சேர்க்கிறது. நல்ல ஆயுதம். ஆனால் அப்படி ஒரு நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. உங்கள் மாவட்ட ஆணையத்தில் இந்த வாதத்தை மட்டுமே நம்பிப் போகாதீர்கள். அங்கே ‘சேவைக் குறைபாடு’, ‘முறையற்ற வணிக நடைமுறை’ என்று எழுதுவதுதான் நிற்கும்.

சரி, கையில் இருக்கும் வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, ரீஃபண்டை வாங்கிக்கொண்டு, கூடவே கூப்பன் கொடுத்தால் அதையும் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவது. 60,000 ரூபாய் டிவி 600 ரூபாய்க்குக் காட்டியது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஒடிசா மாணவர் ஜெயித்தாரே என்று கேட்கலாம். ஜெயித்தார், ஆனால் செலவழித்த வருஷங்களை எண்ணிப் பாருங்கள். இந்த வழியில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பணம் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே திரும்பக் கேளுங்கள், அவர்களுடைய வாலட்டில் போட விடாதீர்கள். ரீஃபண்ட் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையில் அப்படி ஒரு தொகை இருப்பது நிஜம். ஆனால் அது பணம் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேராமல் தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு. கடை தானாக ரத்து செய்த ஆர்டருக்கு அது பொருந்தாது.

இரண்டாவது, கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுதுவது. 2020 மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் இப்படி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் வந்து ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று நாலு தடவை சொல்பவர் இந்த அலுவலர் இல்லை. தளத்தின் அடிப்பகுதியில் தேடினால் மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். இந்த வழியில் மட்டும் பொருள் கைக்கு வருவது அபூர்வம், ஆனாலும் தவிர்க்கக் கூடாது. பின்னால் எங்கே போனாலும் ‘முதலில் கடையிடம் கேட்டீர்களா’ என்பார்கள், அதற்கான காகிதம் இங்கேதான் உருவாகிறது.

அதே விதிகளில் இன்னொரு வரி இருக்கிறது, பலர் அதைத் துருப்புச் சீட்டு என்று நினைக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கும் தளம், தானே ஆர்டரை ரத்து செய்தால் அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. உங்களிடம் கட்டணமே வாங்காத தளத்திடம் இதை வைத்து ஒரு பைசா பெயராது.

மூன்றாவது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். போன் செய்ய நேரம் இல்லாவிட்டால் இணையத்திலும் பதியலாம். இவர்களால் யாருக்கும் உத்தரவு போட முடியாது. புகாரை நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டுப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பெரிய இணையக் கடைகள் பலவும் இதில் கூட்டாளிகளாகப் பதிவு செய்திருப்பதால் புகார் நேராக அவர்களுடைய மேல்மட்டக் குழுவுக்குப் போகும். சாட்டில் கிடைக்காத பதில் இங்கே கிடைக்கிறது. செலவு இல்லை, அலைச்சல் இல்லை. நம்பக்கூடிய விலையில் வாங்கிய ஒரு பொருள் ரத்தாகியிருந்தால், என் கணக்கில் பெரும்பாலானவர்கள் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

நான்காவது, நாம் வழக்கமாக ‘கன்ஸ்யூமர் கோர்ட்’ என்று சொல்லும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடையின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் திருநெல்வேலியில் குடியிருப்பவர் திருநெல்வேலியிலேயே புகார் கொடுக்கலாம். 2019 சட்டம் கொண்டுவந்த நல்ல மாற்றம் இது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போனால் போதும். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தாவுக்கு வாய்தா போய் வந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த வழி யாருக்கு லாபம் என்றால், ரத்தானதால் கையிலிருந்து பணம் போனதைக் காட்ட முடிந்தவர்களுக்கு. உதாரணமாக, தீபாவளி சேலில் 28,000 ரூபாய் ஃப்ரிட்ஜ் 21,500-க்குக் கிடைக்கிறது. அந்த மாதிரித் தள்ளுபடி அன்றைக்கு ஊரெல்லாம் இருக்கிறது, யாரும் தப்பு விலை என்று நினைக்க மாட்டார்கள். பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டீர்கள். அஞ்சாவது நாள் ரத்து. சேல் முடிந்து, அதே ஃப்ரிட்ஜை வேறு கடையில் 27,000-க்கு வாங்குகிறீர்கள். இப்போது 5,500 ரூபாய் வித்தியாசத்துக்கு உங்களிடம் பில் இருக்கிறது. அதோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். மும்பையில் 2022-ல் 39,628 ரூபாய்க்கு வாங்கிய ஐபோன் ஆர்டரை ஃப்ளிப்கார்ட் ரத்து செய்த வழக்கில், கூடுதல் லாபத்துக்காகவே வேண்டுமென்று ரத்து செய்திருக்கிறார்கள் என்று கருதி மாவட்ட ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 3,000 ரூபாய் செலவும் கொடுக்கச் சொன்னது. பணம் ஏற்கெனவே திரும்ப வந்துவிட்டது என்பது மட்டும் கடையைக் காப்பாற்றவில்லை.

அதே ஃப்ரிட்ஜை எட்டு ஆர்டர் போட்டிருந்தால்? மறுவிற்பனைக்கு வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்பதில்லை. கடையின் வக்கீல் முதல் கேள்வியாகவே இதைத்தான் கேட்பார். இதற்குப் பதில் இல்லாதவர்கள் ஆணையத்தின் வாசலுக்குப் போக வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் பத்து நிமிடம் ஒரே வேலைதான். விலை தெரியும் பக்கம், ஆர்டர் உறுதி மின்னஞ்சல், ரத்து மின்னஞ்சல், சாட் முழுவதும் என்று எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பொருளின் பக்கத்தை அவர்கள் திருத்திவிடுவார்கள், உங்கள் கணக்கிலிருந்து ஆர்டர் விவரமே மாயமாகலாம். கூப்பன் விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘இத்துடன் புகாரை முடித்துக்கொள்ளலாமா’ என்று சாட்டில் கேட்டு, நீங்களும் ‘ஓகே’ என்று தட்டிவிட்டால், அந்த ஓகே பின்னால் உங்களுக்கு எதிரான ஆவணமாக வரும். மேலே போகும் எண்ணம் இருந்தால், ‘கூப்பனை வாங்கிக்கொள்கிறேன், புகார் அப்படியே இருக்கட்டும்’ என்று எழுதிவிட்டு வாங்குங்கள்.